நெஸ்தாவின் முறை

“இதுல நாய்க்கு யாரு சோறு வைப்பா?”

நெஸ்தா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வேல்ஸில், கரெக்லாஸ் ஊரில் அவருடைய சமையலறை மேசையில் உட்கார்ந்து, அந்த வீட்டில் எடுக்கவிருந்த கிறிஸ்துமஸ் படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். லண்டனில் பெரிய கட்டடங்கள் வரைகிற ஒருத்தி. வேல்ஸ் மலையூரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிற இன்னொருத்தி. இருவருக்கும் ஒரே முகம். ரயில் நிலையத்தில் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். கிறிஸ்துமஸ் வாரத்துக்கு மட்டும் ஒருவர் வாழ்க்கையை மற்றவர் வாழ்ந்து பார்ப்பதாக ஒப்பந்தம்.

“எந்த நாய்?” என்றேன்.

“ரொட்டிக்கடைக்காரிக்கு ஒரு நாய் உண்டுன்னு சொன்னீங்களே. அவ லண்டன் போயிடறா. வந்தவளுக்கு அது எப்ப சாப்பிடும்னு எப்படித் தெரியும்?”

“அது கதையில வரல. எப்படியோ பாத்துக்குவான்னு வெச்சுக்கலாம்.”

“நீங்க வெச்சுக்கலாம். நாய் வெச்சுக்காது. மோந்து பாத்ததுமே இது நம்ம ஆள் இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சிடும்.”

அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவர் தம்பி இவான் உரக்கச் சிரித்தான். நாற்பத்தைந்து வயது. காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. நான் வந்ததிலிருந்து என் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“படம் எப்ப எடுப்பீங்க?” என்று கேட்டான்.

“ஜூலையில.”

“அப்ப ஜூலையில இங்க கிறிஸ்துமஸா?”

“படத்துக்கு மட்டும்.”

“டிசம்பர்லயும் வருமில்ல?”

“வரும்.”

“அப்ப எனக்கு ரெண்டு பரிசு. ஏய் நெஸ், கேட்டுக்கிட்டியா? இந்தம்மாவே சொல்லிட்டாங்க.”

“போன வருஷம் குடுத்த காலுறையையே இன்னும் போட்டுக்கல நீ. பரிசாம்.” நெஸ்தா என் பக்கம் திரும்பினார். “சரி, முடிவுல என்ன ஆகுது?”

“கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ரெண்டு பேரும் அவங்கவங்க இடத்துக்குத் திரும்பிடறாங்க. அவங்க வாழ்க்கைதான் அவங்களுக்குப் பொருத்தம்னு புரிஞ்சிடுது.”

“ரெண்டு பேருக்குமா?”

“ரெண்டு பேருக்கும்.”

“லண்டனுக்குப் போனவளும் மூச்சு விடாம வந்திடறாளா?”

“ஆமா.”

நெஸ்தா தேநீர்க் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். “கெட்டிக்காரிங்க,” என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, வீட்டைப் படப்பிடிப்புக்குத் தருவதற்கான தாளில் கையெழுத்துப் போட்டார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அன்று புரியவில்லை. கேட்கவும் இல்லை. கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். நெஸ்தாவும் எதையும் யாரிடமும் கேட்டு வாங்கியவர் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கரெக்லாஸில் மூன்று நெஸ்தாக்கள் உண்டு. அஞ்சலக நெஸ்தா, மேட்டுவீட்டு நெஸ்தா, இவர் மதியச்சாப்பாட்டு நெஸ்தா. தொடக்கப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்தாறு வருஷம். எந்தக் குழந்தை பட்டாணியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும், எது அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தக் குழந்தைகள் வளர்ந்து கல்யாணத்துக்கு அழைக்க வந்தாலும், “இப்பவாவது கேரட் சாப்பிடறியா?” என்றுதான் விசாரிப்பார். குட்டையான உருவம். வேகமான நடை. பாத்திரம் கழுவும்போது மட்டும் மெல்லப் பாடுவார். யாராவது உள்ளே வந்தால் நிறுத்திவிடுவார்.

எங்கள் பக்கம் படமெடுக்கும் முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு காட்சியையும் முதலில் ஆங்கிலத்தில் எடுப்பார்கள். விளக்கும் கேமராவும் அதே இடத்தில் இருக்க, உடனே அதையே வேல்ஷில் எடுப்பார்கள். இரண்டு மொழிகளிலும் படித்தவள் என்பதால் வேல்ஷ் வசனம் சரியாக வருகிறதா என்று கவனிக்கும் வேலை எனக்கு. இயக்குநர் டங்கனுக்கு வேல்ஷில் காலை வணக்கத்துக்கு மேல் தெரியாது. இரண்டு பெண்களாகவும் நடித்தவர் லோவ்ரி என்ற ஒரே நடிகை. அவர் ஒருத்தியாகப் பேசும்போது, எதிரே இன்னொருத்தியின் முதுகு தெரிய வேண்டும். அந்த முதுகுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தலைநகர் கார்டிஃபிலிருந்து வர வேண்டிய பெண்ணுக்குக் கால் சுளுக்கிவிட்டது. டங்கன் சமையலறைக்குள் நுழைந்தபோது நெஸ்தா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகைப் பார்த்து டங்கன், “இதோ இருக்காங்களே,” என்றார்.

“முதுகுக்கு என்ன நடிப்பு வேணும்? குந்து, எந்திரி, அவ்வளவுதானே?” என்றார் நெஸ்தா. ஜூலை வெயிலில் சன்னலையெல்லாம் மூடி, சிவப்புக் கம்பளிக் கோட்டும் லோவ்ரியின் முடியைப் போன்ற பழுப்பு முடித்தொப்பியும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே இரண்டு பேர் ஏணி மேல் நின்று காகிதப் பனியைக் கொட்டினார்கள். அந்த முதுகுக்குரியவள் பேச வேண்டிய வசனத்தை நான் அலமாரிக்குப் பின்னால் நின்று படிப்பேன். ஆக, ரொட்டிக்கடைக்காரி என்பவள் அந்த மூன்று வாரமும் நெஸ்தாவின் முதுகும் என் குரலும்தான்.

வீடு படப்பிடிப்புக்குப் போய்விட்டதால் நெஸ்தாவும் இவானும் பின்தோட்டத்தில், சக்கரம் வைத்த ஒரு வண்டிவீட்டில் தங்கினார்கள். இவானுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. எப்போது விழுவான் என்று சொல்ல முடியாது. அதனால் அவனை ஒரு ராத்திரிகூடத் தனியாக விட்டதில்லை. முதல் வாரத்தில், நெஸ்தா விளக்குகளுக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், காகிதப் பனியை அள்ளிக்கொண்டிருந்த இவான் தோட்டத்தில் விழுந்தான். பக்கத்தில் நான்தான் இருந்தேன். கோட்டைச் சுருட்டித் தலைக்கு அண்டை கொடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஸ்தா முடித்தொப்பியோடு ஓடி வந்தார்.

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டரை நிமிஷம். இப்ப நின்னுடுச்சு.”

“கத்தினியா?”

“இல்ல.”

“நல்ல பொண்ணு,” என்றார். அதுவரை நீங்கள் என்று பேசிவந்தவர் அன்றிலிருந்து நீ என்று பேசினார். எங்கள் மொழியில் அது சின்ன விஷயம் இல்லை.

இவான் எழுந்து உட்கார்ந்ததும் என் கையால் தேநீர் கேட்டான். ஒரு வாய் குடித்துவிட்டு, “இது தரை துடைச்ச தண்ணி,” என்றான். பின்னாளில் அவன் வீட்டு அடுப்பிலேயே நான் போட்டுக் கொடுத்தபோதும் அதையேதான் சொன்னான்.

நெஸ்தாவின் கதை எனக்கு அந்த வண்டிவீட்டில்தான் கிடைத்தது. மழையால் வேலை நின்ற ஒரு நாள். இவான் தூங்கிக்கொண்டிருந்தான். நெஸ்தா பழரொட்டியை வெட்டிக்கொண்டே, நேற்று நடந்ததைப்போலச் சொன்னார்.

எண்பத்தெட்டில் அவருக்கு இருபத்திரண்டு வயது. கார்டிஃப் அருங்காட்சியகத்தில் கிளிஞ்சல்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் வேலை கிடைத்திருந்தது. தையல்கடைக்கு மேலே ஓர் அறையும் பார்த்தாகிவிட்டது. அம்மா இறந்து ஒரு வருஷம். அப்பாவின் நுரையீரலில் சுரங்கத்துக் கல்தூசி. இவானுக்குப் பதினான்கு. தங்கை டெலித் வீட்டில் இருப்பாள், நெஸ்தா போவாள் என்றுதான் பேச்சு. புறப்பட நான்கு நாள் இருக்கும்போது டெலித் அழுதாள். இருபது வயது. வீட்டில் இருந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடுவேன் என்றாள். ஒரு வருஷம் நான் போகிறேன், அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன், பிறகு உன் முறை என்றாள்.

“பெட்டியையும் நாந்தான் குடுத்தேன். அதுல என் துணிய எடுத்துட்டு அவ துணிய வெச்சேன்.”

அருங்காட்சியகம் வேறொருவரை எடுத்துக்கொண்டது. டெலித் அந்த அறையில் தங்கி, ஒரு வங்கியில் சேர்ந்தாள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்தாள், பக்கத்து அறைக்காரரோடு. இரண்டே நாள். அடுத்து வந்த வசந்தத்தில் கல்யாணம்.

“அப்புறம் நீங்க கேக்கலயா?”

“என்னத்தக் கேக்கறது? அவ வயித்துல புள்ள.” ரொட்டியில் வெண்ணெயைக் கனமாகத் தடவினார். “அந்த வாழ்க்கை முழுசா இப்ப வேணாம் எனக்கு. அவ புருஷன் குறட்டை விடறத நான் கேட்டிருக்கேன். ஒரு வாரம் போதும். கிறிஸ்துமஸ் வாரம். அந்த ஊர்ல கூரை போட்ட கடைத்தெரு இருக்கில்ல, மழையில நனையாம சுத்தறது, அதுல நடக்கணும். அருங்காட்சியகத்துல போய் அந்தக் கிளிஞ்சல் சீட்டெல்லாம் யாரு கையெழுத்துன்னு பாக்கணும். காலைல எந்திரிச்சு எனக்கு மட்டும் ஒரு முட்டை வேகவைக்கணும்.”

முப்பத்தொரு வருஷத்தில் மூன்று முறை கார்டிஃப் போயிருக்கிறார். மூன்றும் இவானின் மருத்துவமனைக்கு. அன்றே போய் அன்றே திரும்பியது.

கடைசிக் காட்சியை எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். இரண்டு பெண்களும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, மாற்றிக்கொண்டதைத் திருப்பிக்கொள்கிற இடம். லண்டன்காரியாக லோவ்ரி கேட்க வேண்டும்: “உனக்கு உன் வாழ்க்கை திரும்ப வேணும்தானே?” அலமாரிக்குப் பின்னாலிருந்து நான் சொல்ல வேண்டும்: “வேணும். அது என்னோடதாச்சே.”

ஆங்கிலத்தில் ஒரே தடவையில் முடிந்தது. முதுகு அசையவில்லை. பிறகு வேல்ஷ். லோவ்ரி களைத்திருந்தார். நடிப்பாக இல்லாமல், வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்பதுபோலத் தணிந்த குரலில் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் நெஸ்தா பதில் சொன்னார். “எனக்கு இன்னும் என் முறையே வரலியே.”

ஆங்கிலத்தில் கேட்டபோது அது படம். வேல்ஷில், அவர் மேசையில், அவர் முகத்தைப் பார்த்து ஒருத்தி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

லோவ்ரி நல்ல நடிகை. நிறுத்தவில்லை. கையை நீட்டி நெஸ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “எப்ப வந்திருக்கணும்?”

“எம்பத்தொம்போது கிறிஸ்துமஸ்ல.”

விளக்குப் பிடித்திருந்தவர்களில் நான்கு பேர் உள்ளூர்க்காரர்கள். நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். டங்கன் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். “பிரமாதம்! வசனம் சரியா வந்துச்சா?” என்று என்னைக் கேட்டார்.

எல்லோரும் அலமாரியைப் பார்த்தார்கள். “மாறிடுச்சு,” என்றேன். “இன்னொரு தடவை எடுக்கணும்.”

“தப்பு என்னோடது,” என்றார் நெஸ்தா, முன்பக்கம் பார்த்தபடியே. “முதுகுன்னா முதுகாதான் இருக்கணும்.”

மறுபடி எடுத்தோம். அவர் அசையாமல் உட்கார்ந்திருக்க, வேணும், அது என்னோடதாச்சே என்று நான் படித்தேன். என் வேலையில் அதைவிடக் கடினமான வரியைப் படித்ததில்லை.

தேநீர் நேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரோ டெலித்தின் காதிலும் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை வண்டிவீட்டில் தொலைபேசி அடித்தது. கணக்கு வழக்கில்லாமல் பொத்தான்களை அழுத்துவது இவானின் பழக்கம். அவன்தான் எடுத்தான், எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைத் திறந்துவிட்டு மேசைமேல் வைத்தான். நான் எழுந்து போகப் பார்த்தேன். நெஸ்தா உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார்.

“என்ன நெஸ், சினிமாவுல போய் என் மானத்த வாங்கறியாமே?” என்றது டெலித்தின் குரல்.

“உன் பேர நான் சொல்லல.”

“சொல்லணுமா? கரெக்லாஸ்ல யாருக்குத் தெரியாது? சரி, அத விடு. எதுக்கு ஒரு நடிகைகிட்ட சொன்ன? எங்கிட்ட ஏன் கேக்கல?”

நெஸ்தா மேசையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்தார்.

“முப்பது வருஷமா நீ வாய் திறக்கலயே. உனக்கு அங்கதான் புடிச்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சுக்கறது எனக்கும் சுலபமா இருந்துச்சு, இல்லங்கல.”

“கேட்டா தருவியா?”

“என்ன வேணும், சொல்லு.”

“கிறிஸ்துமஸ் வாரம். நீ இங்க வந்து இவானோட இரு. நான் உன் வீட்ல இருக்கேன்.”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு டெலித், “வரேன்,” என்றாள். “அந்த வீட்டுக் குளிர நெனச்சாத்தான் பயமா இருக்கு.”

“நாலு போர்வ இருக்கு,” என்று கத்தினான் இவான். “ஆனா நீ சமைக்கக் கூடாது!”

அதன்பின் நெஸ்தாவைப் பார்த்தவர்கள் அவர் இளைத்துவிட்டதாகச் சொன்னார்கள். இளைக்கவில்லை, நிமிர்ந்து நடந்தார், அவ்வளவுதான். படப்பிடிப்பு முடிந்து நான் கார்டிஃபில் என் அறைக்குத் திரும்பிய பிறகு வாரம் ஒரு கடிதம் வரும். எந்தப் பேருந்து, எங்கே இறங்கணும், அருங்காட்சியகம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் திறக்குமா. ஒரு கடிதத்தில், தனியாக ஒரு பெண் தேநீர்க்கடையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தால் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று கேட்டிருந்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்று பதில் எழுதினேன். அவர் நம்பவில்லை. முக்கால் மணி நேரம் போதும் என்று எழுதினார்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை, ஊருக்குப் படத்தை முதலில் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. ஜெபக்கூடத்துப் பின்னறையில் வெள்ளைத்துணி கட்டி, நாற்காலி போட்டிருந்தார்கள். மதியம் இரண்டு மணி. நான் போய்ச் சேர்ந்தபோது நெஸ்தா வாசலில் குடைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். பழையபடி சற்றுக் குனிந்த முதுகு.

“டெலித் வரல,” என்றார், நான் கேட்காமலே. “மகளுக்குக் குழந்த ஏழாம் மாசமே பொறந்துடுச்சு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. நேத்து ராத்திரி போன் பண்ணா.”

“குழந்தை எப்படி இருக்கு?”

“பொழச்சுக்கும்னு சொல்றாங்க. நம்ம கைல ஒரு உள்ளங்கை அளவுதானாம்.” ஒரு குடையை உதறினார். “அவளத் திட்டக்கூட முடியல பாரு. எவ்வளவு நல்ல காரணம்.”

படம் ஓடியது. ஊர் ஜனம் படத்தைவிட அதன் ஓரங்களைப் பார்த்தது. “ஏய், அது நம்ம வேலி!” “பனியப் பாருடா, காகிதம் சுருட்டிக்கிட்டு நிக்குது.” ரொட்டிக்கடைக்காரி தனியாளாக நின்று வெல்லப்பாகு மிட்டாயைக் கிண்டி ஊற்றியபோது பெண்கள் பக்கம் பெரிய சிரிப்பு. புத்தாண்டுக்கு நாங்கள் செய்கிற மிட்டாய் அது. பாகு சூடு ஆறுவதற்குள் வெண்ணெய் தடவிய கையோடு இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்தால்தான் பொன்னிறம் வரும். “ஒத்த ஆளா இழுத்தா சுவத்துலதான் ஒட்டும்,” என்றாள் மேட்டுவீட்டு நெஸ்தா. கடைசிக் காட்சி வந்தது. சிவப்புக் கோட்டு முதுகு. என் குரல் இருந்த இடத்தில் இப்போது லோவ்ரியின் குரல்: வேணும், அது என்னோடதாச்சே. யாரும் சிரிக்கவில்லை. இவான் மட்டும் எழுந்து நின்று, “அது எங்க அக்கா முதுகு!” என்று அறிவித்தான். அரங்கமே கைதட்டியது. நெஸ்தா மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் தேநீர் குடித்துக் கலைந்தபின் கோப்பைகளைக் கழுவ நானும் அவரும் நின்றோம். சன்னலுக்கு வெளியே நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் கழுவித் தர, நான் துடைத்து வைத்தேன். அன்று அவர் பாடவில்லை. பாதிக் கோப்பைகள் முடிந்திருக்கும். குழாயை மூடினார். ஈரக் கையை மேலாடையில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க.”

“இல்லன்னு சொன்னா எனக்கு வருத்தம் கெடையாது. அத மொதல்ல சொல்லிடறேன். நீ கிறிஸ்துமஸுக்கு எங்கயும் போறதில்ல, உன் அறையில புத்தகம் படிச்சிட்டு இருப்பேன்னு ஜூலைல சொன்ன. மாறிட்டிருந்தா விட்டுடு.” கழுவாத கோப்பைகளைப் பார்த்தே பேசினார். “இருபத்திரண்டுலேருந்து இருபத்தொம்போதாம் தேதி வரைக்கும். மாத்திர காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, பேர் எழுதி ஒட்டி வெச்சிருப்பேன். கிறிஸ்துமஸ் அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி ஜெபக்கூடத்துல ஆம்பளைங்க பாட்டு. இவான் மூணாவது வரிசை. கழுத்துத் துண்டு இல்லாம கெளம்புவான், விடாத. வான்கோழி தொட மாட்டான், முட்டை போதும். விழுந்தா என்ன செய்யணும்னு உனக்குத் தெரியும். நீ கத்த மாட்ட.”

நான் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். “உன் அறைச் சாவிய எனக்குத் தரியா? ஏழு நாள், நீ இங்க இரு. நான் அங்க இருக்கேன்.”